கேமரா எதுவானாலும் ஒரே டார்க்டேபிள்: பல நிறுவன ரா கோப்புகளை ஒரே சாயலுக்குக் கொண்டுவரும் முழு வழிகாட்டி

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேர் படம் எடுக்கிறார்கள். ஒருவர் கையில் கேனான், மற்றவர் கையில் சோனி. பந்திக்கும் நலங்குக்கும் சின்னதாக ஒரு ஃபியூஜி. மூன்று மெமரி கார்டுகளும் ஒரே கணினிக்கு வந்து சேரும்போதுதான் சிக்கல் தெரியும். அதே அரக்குக் கூறைப் புடவை ஒரு கேமராவில் செங்கல் நிறத்துக்கும் இன்னொன்றில் ரோஜா நிறத்துக்கும் சாய்ந்திருக்கும். மணப்பெண்ணின் முகம் ஒன்றில் மஞ்சள் பூசியதுபோல் கனிந்திருக்க, மற்றதில் வெளிறிக் கிடக்கும். ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு கல்யாணங்கள் போலிருக்கும்.

வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு படத்தை நன்றாக எடிட் செய்து, அதே செட்டிங்கை எல்லாப் படங்களுக்கும் ஒட்டிவிடுவது. ஒரே கேமராவில் எடுத்த படங்களுக்கு இது சரியாக வரும். கேமரா மாறியதும் குலைந்துபோகும். ஏனென்றால் அந்த செட்டிங்குக்குள் இரண்டு வேலைகள் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்தக் கேமராவின் இயல்பைச் சமன்செய்த வேலை. மற்றது, நமக்குப் பிடித்த தோற்றத்தைக் கொடுத்த வேலை. முதலாவது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். இரண்டாவது எல்லாவற்றுக்கும் பொது. சுவருக்குப் பட்டி பார்த்துவிட்டுத்தானே பெயிண்ட் அடிப்பார்கள்? அதேபோல இந்த இரண்டையும் தனித்தனியாக, இதே வரிசையில் செய்யப் பழகிவிட்டால், எத்தனை கேமரா வந்தாலும் ஒரே மென்பொருள் போதும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தப் பிரிவினையை ஒட்டித்தான் வருகிறது.

எந்த மென்பொருள், ஏன்

கேமரா நிறுவனங்கள் தரும் இலவச மென்பொருள்கள் தங்கள் ரா கோப்பைத் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் மூலக் கோப்பு) தவிர மற்ற நிறுவனங்களின் ராவைத் தொடுவதில்லை. கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலுக்கு கேனான் கோப்புதான் வேண்டும். நிகானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் சோனியின் இமேஜிங் எட்ஜும் அப்படித்தான். ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டுடியோ இன்னும் ஒரு படி மேலே போய், கேமராவையே யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைக்கச் சொல்லும். படத்தைப் பதப்படுத்துவது கேமராவுக்குள் இருக்கும் சிப்தான். அந்தந்த நிறுவனத்தின் ஜேபெக் நிறத்தை அச்சாகக் கொண்டுவர இவை நல்லவை. ஆனால் நம் தேவை அதற்கு நேரெதிர்.

எல்லா நிறுவனக் கோப்புகளையும் திறப்பவை லைட்ரூம், கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப், ரா தெரபி, டார்க்டேபிள் ஆகியவை. இந்த வழிகாட்டிக்கு டார்க்டேபிளை எடுத்துக்கொள்கிறேன். 2009இல் யோஹானஸ் ஹானிகா தொடங்கிய திறந்தமூல மென்பொருள் இது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கேமராவைச் சமன்செய்யும் வேலையும் தோற்றம் கொடுக்கும் வேலையும் இதில் தனித்தனி மாட்யூல்களாக (ஒவ்வொன்றும் ஒரு திருத்தத்தைச் செய்யும் பகுதி) கண்ணெதிரே நிற்கின்றன. மற்ற மென்பொருள்களில் பாதி வேலை திரைக்குப் பின்னால் நடந்துவிடும். டார்க்டேபிளில் ஒருமுறை புரிந்துகொண்டால் லைட்ரூமுக்குப் போனாலும் அதே ஒழுங்கு கைகொடுக்கும்.

கேமராக்கள் எங்கெங்கே வேறுபடுகின்றன

இதைத் தெரிந்துகொள்ளாமல் படிகளுக்குள் போவதில் பயனில்லை.

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. புள்ளிகளுக்கு மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாக இருக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், 2க்கு 2 கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கேனான், நிகான், சோனி, பானசோனிக் எல்லாம் இதைத்தான் பின்பற்றுகின்றன. ஃபியூஜி மட்டும் 2012இல் வந்த எக்ஸ்-புரோ1 முதல் எக்ஸ்-டிரான்ஸ் என்ற 6க்கு 6 அமைப்புக்கு மாறியது. அதன் 36 புள்ளிகளில் 20 பச்சை, 8 சிவப்பு, 8 நீலம். ஆனால் ஃபியூஜியின் ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் இருப்பது பேயர்தான். இந்தக் கட்டங்களிலிருந்து முழுநிறப் படத்தைக் கட்டியெழுப்புவது டிமோசைக் மாட்யூலின் வேலை. பேயர் கோப்புக்கு ஆர்சிடி, எக்ஸ்-டிரான்ஸுக்கு மார்கஸ்டைன் என்று அதற்கான கணக்கு முறையை டார்க்டேபிள் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நாம் அதைத் தொட வேண்டியதில்லை. ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கவும் கூடாது.

அடுத்தது கருப்பு அளவு. முழு இருட்டில்கூட சென்சார் பூஜ்யம் காட்டாது. பல கேனான் கேமராக்களில் 14 பிட் கோப்பின் கருப்பு 2048ஐ ஒட்டி நிற்கும். சோனியில் அது 512. மென்பொருள் இந்த எண்ணைக் கழித்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கும். சோனிக்கான எண்ணை கேனான் கோப்பில் ஒட்டிவிட்டால், கழிபடாமல் மிஞ்சியது ஒயிட் பேலன்ஸில் (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்வது) பெருக்கப்பட்டு, நிழல் முழுக்க மெஜந்தா புகையாகப் படியும். "செட்டிங் ஒட்டினேன், நிழல் எல்லாம் ஊதாவாகிவிட்டது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது, நிற வடிகட்டிகளின் சாயம். ஒவ்வொரு நிறுவனமும் சிவப்பு என்று வைப்பது ஒரே சிவப்பல்ல. அதனால் ஒவ்வொரு கேமரா மாதிரிக்கும் ஒரு நிற அணி (அதன் நிறங்களைப் பொது நிறங்களாக மாற்றும் எண்களின் அட்டவணை) தேவை. டார்க்டேபிள் அதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். மண்டபத்து எல்இடி விளக்குகளுக்குக் கீழேதான் வேறுபாடு பெரிதாகும்.

எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), இரைச்சல் (மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்), லென்ஸ் வளைவு ஆகியவற்றிலும் வேறுபாடு உண்டு. அவற்றை அந்தந்தப் படியில் பார்ப்போம்.

படி 1: படம் எடுக்கும்போதே

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கணினியில் பல மணி நேரம் பிடிக்கும் வேலையை மண்டபத்தில் சில நிமிடங்கள் மிச்சப்படுத்தும்.

முதலில், கேமராவில் ரா சேமிக்கும் முறை. சோனியின் பழைய அமுக்கப்பட்ட ரா, இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்புகளில் தகவலை இழக்கும். இழப்பில்லா அமுக்கம் இருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் அமுக்காத ரா. நிகானின் புதிய கேமராக்களில் ஹை எஃபிஷியன்ஸி என்று ஒரு தேர்வு இருக்கும். கோப்பு சிறிதாகும் என்று ஆசைப்பட்டு அதை வைக்காதீர்கள், திறந்தமூல மென்பொருள்களுக்கு அந்த முறை சிக்கலானது. இழப்பில்லா அமுக்கத்தில் எடுங்கள்.

அடுத்து, படத்தை நமக்குத் தெரியாமல் இருட்டாக்கும் வசதிகளை அணைத்துவிடுங்கள். ஃபியூஜியில் டைனமிக் ரேஞ்சை 200க்கு வைத்தால் ரா ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் பாதியாக) குறைவாகவும், 400க்கு வைத்தால் இரண்டு ஸ்டாப் குறைவாகவும் பதிவாகும். கேமராவின் ஜேபெக்கில் அது தெரியாது, ராவைத் திறக்கும்போதுதான் படம் இருண்டு நிற்கும். கேனானின் ஹைலைட் டோன் பிரயாரிட்டியும் ஒரு ஸ்டாப் குறைக்கும். நிகானின் ஆக்டிவ் டி-லைட்டிங்கும் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மாற்றும். இவை தானியங்கியில் இருந்தால் அடுத்தடுத்த இரண்டு படங்களே வெவ்வேறு வெளிச்சத்தில் வந்து நிற்கும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரு கெல்வின் எண்ணில் (விளக்கின் நிறத்தைக் குறிக்கும் எண்) நிறுத்துங்கள். கேனானில் 5000 என்பதும் சோனியில் 5000 என்பதும் ஒரே நிறத்தைத் தராது. அது பரவாயில்லை. ஒரே கேமராவுக்குள் படத்துக்குப் படம் நிறம் மாறாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும். ஒரு படத்தைத் திருத்தினால் அந்தக் கேமராவின் மற்ற படங்களும் திருந்திவிடும்.

விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும், எல்லாக் கேமராவிலும் சாம்பல் அட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 24 கட்டங்கள் கொண்ட கலர் செக்கர் அட்டை இருந்தால் இன்னும் நல்லது. அட்டையை முகம் இருக்கும் இடத்தில், முகத்தின் மேல் விழும் வெளிச்சமே அதன்மேலும் விழும்படி பிடிக்க வேண்டும். பளபளப்புத் தெரிந்தால் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

கடைசியாக, நேரம். எல்லாக் கேமராவிலும் ஒரே கைபேசியின் கடிகாரத்தை, விநாடி தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். பின்னால் எப்படி உதவும் என்பதைப் படி 3இல் சொல்கிறேன்.

படி 2: உங்கள் கேமராவுக்கு எந்த அளவு ஆதரவு இருக்கிறது

"டார்க்டேபிள் என் கேமராவை ஆதரிக்கிறதா?" என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. கோப்பைத் திறப்பது ஒன்று. அந்தக் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் முன்னமைவுகள் இருப்பது இன்னொன்று. இரைச்சல் அளவீடு இருப்பது மற்றொன்று. டார்க்டேபிள் தளத்தில் இருக்கும் கேமராப் பட்டியல் இவற்றைத் தனித்தனியாகக் காட்டும். புதிதாகச் சந்தைக்கு வந்த கேமராவென்றால் படம் திறக்கலாம், இரைச்சல் அளவீடு மட்டும் இன்னும் வராமல் இருக்கலாம்.

கேமரா வாங்கியவர்கள் மாதிரிக் கோப்புகளைக் கொடுத்தால்தான் திறந்தமூல மென்பொருள்களில் ஆதரவு வளரும். அதற்காகவே ரா பிக்ஸல்ஸ் என்ற பொதுக் களஞ்சியம் இருக்கிறது. உங்கள் கேமரா அங்கே இல்லையென்றால் சில கோப்புகளை ஏற்றிவிடுங்கள். உங்களைப் போல அந்தக் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் அது உதவும்.

கோப்பு திறக்கவேயில்லை என்றால், அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றிப் பார்க்கலாம். 2004இல் அடோபி வெளியிட்ட பொது வடிவம் டிஎன்ஜி. பழைய லைட்ரூமை மாதச் சந்தா இல்லாமல் வைத்திருப்பவர்கள் புதுக் கேமரா கோப்புகளைத் திறப்பதும் இந்த வழியில்தான். பென்டாக்ஸ், லைகா, ரிக்கோ கேமராக்கள் நேரடியாகவே டிஎன்ஜி தருகின்றன. ஐபோனின் புரோராவும் டிஎன்ஜிதான், ஆனால் அதில் டிமோசைக் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். அதனால் அதை மற்ற ராக்களோடு சமமாக வைத்துப் பதப்படுத்த முடியாது.

ஒரு எச்சரிக்கை. பாதி வேலையில் இருக்கும்போது டார்க்டேபிளின் அடுத்த பதிப்புக்கு மாறாதீர்கள். புதிய பதிப்பு தன் தரவுத்தளத்தை மேம்படுத்திவிடும், பிறகு பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாது. ஆல்பம் கையைவிட்டுப் போன பிறகு மாறிக்கொள்ளலாம்.

படி 3: இறக்குமதியும் நேரம் சரிசெய்தலும்

சோனி, நிகான் இரண்டுமே டிஎஸ்சி என்றுதான் கோப்புப் பெயரைத் தொடங்குகின்றன. இரண்டு நிகான்கள் இருந்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வருவது உறுதி. இறக்குமதியின்போதே தேதி, நேரம், கேமரா மாதிரி, வரிசை எண் என்று பெயர் மாற்றிவிடுங்கள். பின்னால் பெயரை மாற்றுவது தொல்லை. ஏனென்றால் டார்க்டேபிள் உங்கள் எடிட்டை அதே பெயரில் ஓர் எக்ஸ்எம்பி துணைக்கோப்பாக அருகிலேயே எழுதிவைக்கிறது. வெளியிலிருந்து பெயரை மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும்.

இப்போது கைபேசிக் கடிகாரப் படங்களுக்கு வாருங்கள். லைட்டேபிளில் (படங்களை அடுக்கிக் காட்டும் திரை) இருக்கும் ஜியோடேகிங் மாட்யூலைத் திறந்தால் படத்தின் தேதியும் நேரமும் தெரியும். கேனான் படத்தில் பதிவான நேரத்துக்கும் அதில் தெரியும் கைபேசி நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, அந்தக் கேமராவின் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து வித்தியாசத்தைக் கூட்டிவிடுங்கள். சோனிக்கும் அதேபோல. மூல ரா கோப்பு மாறாது, திருத்தம் துணைக்கோப்பில் மட்டும் இருக்கும். இனி நேரப்படி அடுக்கினால், தாலி கட்டும் கணத்தில் மூன்று கேமராவும் எடுத்த படங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். நிறம் பொருத்தும் வேலைக்கு இது பெரிய வசதி.

படி 4: எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம்

டார்க்டேபிளில் ஒரு படத்தைத் திறந்ததும் முதலில் ஒரு நிறம் தெரிந்து, ஒரு கணத்தில் அது மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் தெரிந்தது கேமரா தன் ரசனைப்படி ராவுக்குள் வைத்த சிறிய ஜேபெக். ஃபியூஜியின் ஃபில்ம் சிமுலேஷன், கேனானின் பிக்சர் ஸ்டைல், சோனியின் கிரியேட்டிவ் லுக் எல்லாம் அந்த ஜேபெக்கில் மட்டும்தான் இருக்கின்றன. ரா அளவீடுகளை அவை தொடுவதில்லை. மாறிய பிறகு தெரியும் மந்தமான படத்தைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். மூன்று கேமராவும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்க அதுதான் வழி.

அமைப்புகளில் புராசஸிங் பகுதிக்குப் போய், தானாகச் சேரும் பணிமுறையாக சீன்-ரெஃபர்டு சிக்மாய்டைத் தேர்ந்தெடுங்கள். ராவின் வெளிச்ச அளவுகளைத் திரைக்கு ஏற்றபடி அடக்கும் மாட்யூல் இது. ஃபில்மிக் ஆர்ஜிபியும் நல்ல மாட்யூல்தான். ஆனால் அதில் ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளை எல்லை, கருப்பு எல்லை என்று தனித்தனியாகச் சொல்லத் தோன்றும், அங்கேயே படங்கள் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கும். 2022 டிசம்பரில் 4.2 பதிப்போடு வந்த சிக்மாய்டில் கான்ட்ராஸ்ட், சாய்வு என்று இரண்டு பிடிகள்தான் முக்கியம். பல கேமரா வேலைக்கு அதன் எளிமைதான் பலம் என்பது என் கருத்து.

2024 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு, 500க்கும் மேற்பட்ட கேமரா மாதிரிகளுக்குத் தனித்தனி ஸ்டைல்களை (பல மாட்யூல்களின் செட்டிங்கைச் சேர்த்துச் சேமித்த தொகுப்பு) கொண்டுவந்தது. கேமராவின் ஜேபெக் தோற்றத்தின் அருகில் படத்தைக் கொண்டுபோக அவை உதவும். ஒரே கேமரா வைத்திருப்பவருக்கு அருமையான வசதி. நமக்கு அது வேண்டாம். ஒவ்வொரு ஸ்டைலும் படத்தைத் தன் நிறுவனத்தின் தோற்றத்தை நோக்கி இழுக்கும். நாம் மூன்றையும் ஒரே திசைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறோம்.

படி 5: எக்ஸ்போஷரைப் பொருத்துவது

நிறத்துக்கு முன் வெளிச்சம். வெளிச்சம் பொருந்தாத இரண்டு படங்களின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட முடியாது. இருண்ட படத்தின் சிவப்பு எப்போதும் கனத்துத்தான் தெரியும்.

ஒரே ஐஎஸ்ஓ, ஒரே ஷட்டர், ஒரே துளை வைத்தாலும் கேமராக்கள் ஒரே வெளிச்சத்தைத் தருவதில்லை. ஃபியூஜியின் ரா மற்றவற்றைவிடச் சற்று இருண்டு திறப்பது வழக்கம். இதைச் சரிசெய்ய எக்ஸ்போஷர் மாட்யூலுக்குள் ஏரியா எக்ஸ்போஷர் மேப்பிங் என்று ஒரு பகுதி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

மூன்று கேமராவில் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகப் படம் எடுத்த கேமராவே நல்லது. அதன் சாம்பல் அட்டைப் படத்தில் எக்ஸ்போஷரைக் கண்ணுக்குச் சரியாக வையுங்கள். பிறகு அந்தப் பகுதியைத் திறந்து, மெஷர் முறையில், உறிஞ்சியால் (படத்தில் ஓர் இடத்தை அளக்கும் கருவி) அட்டையின் மேல் ஒரு கட்டம் வரையுங்கள். அட்டையின் வெளிச்ச அளவு இலக்காகப் பதிந்துவிடும். அடுத்த கேமராவின் அட்டைப் படத்துக்குப் போய், கரெக்‌ஷன் முறைக்கு மாற்றி, அதே அட்டையில் கட்டம் வரையுங்கள். எக்ஸ்போஷர் தானாக நகர்ந்து அந்த வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். அட்டை இல்லாதவர்கள் இரண்டு படத்திலும் தெரியும் ஒரே வெள்ளைச் சுவரையோ மணவறைத் தூணையோ பயன்படுத்தலாம். மாப்பிள்ளையின் வேட்டி மட்டும் வேண்டாம். மடிப்புக்கு மடிப்பு அதன் வெளிச்சம் மாறும்.

இது சாம்பல் அட்டை எடுத்த அதே விளக்கில், அதே கேமரா அமைப்பில் எடுத்த படங்களுக்குத்தான் செல்லும். புகைப்படக்காரர் இடையில் ஷட்டரை மாற்றியிருந்தால் அங்கே கை வைத்துத்தான் ஆக வேண்டும்.

படி 6: நிறத்தைப் பொருத்துவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

டார்க்டேபிளின் இன்றைய முறையில் ஒயிட் பேலன்ஸ் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒயிட் பேலன்ஸ் மாட்யூல் தானாக அமைந்த ரெஃபரன்ஸ் நிலையில் நிற்கும், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். உண்மையான திருத்தம் கலர் கேலிபிரேஷன் மாட்யூலில் நடக்கும். இரண்டையும் தொட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிறம் குழம்பும். மென்பொருளே எச்சரிக்கை காட்டும், அதைப் புறக்கணிக்காதீர்கள்.

கலர் செக்கர் அட்டை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அட்டைப் படத்தைத் திறந்து, கலர் கேலிபிரேஷனுக்குள் கலர் செக்கரால் அளவிடும் பகுதியை விரியுங்கள். உங்கள் அட்டையின் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் மேல் தோன்றும் வலையின் நான்கு மூலைகளை அட்டையின் நான்கு மூலைகளுக்கு இழுத்துப் பொருத்துங்கள். எதற்காகச் சீர்செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில், கல்யாணப் படங்களுக்குத் தோலும் மண்ணும் என்ற தேர்வு பொருந்தும். கணக்கு முடிந்ததும் டெல்டா இ என்ற பிழை அளவு காட்டப்படும். எண் குறையக் குறைய அட்டையின் உண்மை நிறத்துக்கு அருகில் இருக்கிறோம் என்று பொருள். கூடவே எக்ஸ்போஷருக்கும் கருப்புக்கும் இரண்டு எண்களைப் பரிந்துரைக்கும், அவற்றை எக்ஸ்போஷர் மாட்யூலில் வைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை கணக்கிடச் சொல்லுங்கள். திருப்தியானதும் டிக் அடித்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதே வேலையை மூன்று கேமராவின் அட்டைப் படங்களுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டைலாகச் சேமியுங்கள். "கேனான் மேடை விளக்கு", "சோனி மேடை விளக்கு", "கேனான் வெளி வாசல்" என்று கேமரா பெயரும் வெளிச்சத்தின் பெயரும் சேர்ந்து வரட்டும். இந்த அளவீடு கேமராவுக்கும் விளக்குக்கும் சேர்த்துத்தான். மேடைக்கு எடுத்ததை வாசலில் ஒட்டினால் முகம் பச்சையாகும்.

கலர் செக்கர் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. அதே மாட்யூலில் ஏரியா கலர் மேப்பிங் என்ற பகுதி, எக்ஸ்போஷரில் பார்த்ததைப் போலவே வேலை செய்யும். அடிப்படைக் கேமராவின் படத்தில் நிறத்தை மனசுக்குப் பிடித்தபடி வைத்து, ஒரு பொருளின் மேல் அளவெடுங்கள். அடுத்த கேமராவின் படத்தில் அதே பொருளின் மேல் திருத்தம் போடுங்கள். படி 3இல் நேரத்தைச் சரிசெய்து வைத்ததால், ஒரே கணத்தில் எடுத்த இரண்டு படங்கள் பக்கத்திலேயே இருக்கும். அழுத்தமில்லாத நிறமுள்ள பொருளாகப் பாருங்கள், வெளிர்சுவர் அல்லது மேசை விரிப்பு நல்லது. பட்டுப் புடவையின் மேல் அளவெடுத்தால் மற்ற எல்லா நிறமும் புரண்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அரக்குச் சிவப்பு மட்டும் பொருந்தாமல் நிற்கலாம். இரண்டு சென்சார்களின் வடிகட்டிகள் வேறு என்பதால், ஓர் அணியைக் கொண்டு எல்லா நிறத்தையும் ஒரே நேரத்தில் பொருத்த முடியாது. அங்கே கலர் ஈக்வலைசர் மாட்யூலை எடுங்கள். 4.8 பதிப்பிலிருந்து இருக்கிறது. சிவப்புப் புள்ளியை மட்டும் ஆரஞ்சுப் பக்கமோ மெஜந்தாப் பக்கமோ மெல்ல நகர்த்துங்கள். இது கேமராத் திருத்தம், அழகுக்கான மாற்றம் இல்லை. எனவே அந்தக் கேமராவின் ஸ்டைலுக்குள் சேர்க்க வேண்டும், பொது ஸ்டைலுக்குள் சேர்க்கக் கூடாது. உதடும் சிவப்புதான், ஆகவே முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

வரவேற்பு மேடையின் நீல, ஊதா எல்இடி தனிக் கதை. அந்த வெளிச்சம் நிறமாலையில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் இருக்கிறது. வெள்ளை என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லாததால் கலர் கேலிபிரேஷன் வெப்பநிலையைச் செல்லாதது என்று காட்டும். கேமட் கம்ப்ரெஷனை (எல்லை மீறிய நிறங்களை உள்ளே அடக்கும் பிடி) ஏற்றினால் நீலத் திட்டு கொஞ்சம் இளகும். அதற்கு மேல் மூன்று கேமராவையும் அந்த விளக்கில் பொருத்த நினைப்பது வீண். அந்தப் பகுதியை ஒரே கேமராவின் படங்களால் நிரப்புங்கள், அல்லது கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுங்கள்.

படி 7: இரைச்சலும் லென்ஸும்

டினாய்ஸ் ப்ரொஃபைல்டு மாட்யூல் கேமரா மாதிரியையும் ஐஎஸ்ஓவையும் படித்து, அதற்கான அளவீட்டை எடுத்துக்கொள்ளும். அளவீட்டுத் தேர்வில் முதல் வரியை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு படமும் தனக்குரியதைத் தேடிக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட ஐஎஸ்ஓவைக் கையால் தேர்ந்தெடுத்து மற்ற கேமராவுக்கு ஒட்டுவதுதான் தவறு.

ஐஎஸ்ஓ 3200 எல்லாக் கேமராவிலும் ஒன்றல்ல. 36க்கு 24 மில்லிமீட்டர் ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பில், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் கிட்டத்தட்ட கால் பங்கு. ஆக அதே வெளிச்சத்தில் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் கூடுதல் இரைச்சல் தெரியும். சின்ன சென்சாரைப் பெரியதன் அளவுக்குத் துடைத்தெடுக்கப் பார்த்தால் முகம் மெழுகாகிவிடும். பெரிய சென்சாரில் கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்து இரண்டையும் நடுவில் சந்திக்கவைப்பதே கண்ணுக்கு உறுத்தாது.

லென்ஸ் திருத்தத்துக்கு இரண்டு வழி. சோனி, ஃபியூஜி போன்ற சில நிறுவனக் கோப்புகளுக்குள் கேமராவே எழுதிவைத்த திருத்தத் தகவல் இருக்கும், டார்க்டேபிள் அதைப் படிக்கும். மற்றவற்றுக்கு லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தரவுத்தளம். அடாப்டர் போட்டு கேனான் லென்ஸை சோனியில் மாட்டியிருந்தால் லென்ஸ் பெயர் தப்பாகப் பதிவாகியிருக்கலாம், கையால் தேர்ந்தெடுங்கள்.

இந்த இரண்டு மாட்யூலையும் நகலெடுக்காமல், தானாகச் சேரும் ப்ரீசெட்டாக (ஒரு மாட்யூலின் சேமித்த செட்டிங்) வைப்பதே சிறந்த முறை. ப்ரீசெட் சேமிக்கும்போது, பொருந்தும் படங்களுக்குத் தானாகச் சேர்க்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்தால், கேமரா மாதிரி, லென்ஸ், ஐஎஸ்ஓ எல்லை எல்லாம் கேட்கும். சோனிக்கு ஒன்று, கேனானுக்கு ஒன்று என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கும் அது காத்திருக்கும்.

படி 8: இப்போதுதான் தோற்றம்

பட்டி வேலை முடிந்தது. இனி அடிப்படைக் கேமராவின் ஒரு நல்ல படத்தில் உங்கள் ரசனையைக் காட்டுங்கள். சிக்மாய்டின் கான்ட்ராஸ்ட், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தரும் சாயல், டோன் ஈக்வலைசர். இவற்றை மட்டும் டிக் செய்து ஒரு ஸ்டைலாகச் சேமியுங்கள். ரா பிளாக் ஒயிட் பாயிண்ட், டிமோசைக், ஒயிட் பேலன்ஸ், இன்புட் கலர் ப்ரொஃபைல், லென்ஸ், டினாய்ஸ், எக்ஸ்போஷர், கலர் கேலிபிரேஷன் ஆகிய எதுவும் அதில் இருக்கக் கூடாது.

கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் கேமராவைக் கொண்டு வடிகட்டுங்கள். சோனிப் படங்களுக்கு சோனியின் விளக்கு ஸ்டைல், கேனானுக்கு கேனானுடையது. பிறகு வடிகட்டியை நீக்கி, எல்லாவற்றுக்கும் பொதுத் தோற்ற ஸ்டைல். ஒட்டும்போது அப்பெண்ட் என்ற நிலையில் வையுங்கள். ஓவர்ரைட்டில் இருந்தால் இரண்டாவது ஸ்டைல் முதலாவதை அழித்துவிடும்.

கல்லிங் நிலையில் மூன்று கேமராவின் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். ஆல்பத்தைத் திறக்கும் குடும்பத்தார் பார்ப்பதும் முகத்தைத்தான்.

படி 9: வெளியேற்றம்

24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 புள்ளிகள் தரும். 45 மெகாபிக்சல் கேமராவின் கூர்மையை முழு அளவில் அதோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இறுதி அளவில் வைத்துத்தான் கூர்மையைத் தீர்மானிக்க வேண்டும். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 10800. அதில் பாதிப் பக்கம் பிடிக்கும் படத்துக்கு 24 மெகாபிக்சல் கேமராவே போதும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் படம் 4க்கு 3 விகிதம், மற்றவை 3க்கு 2. வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் முன் ஒரே விகிதத்துக்கு வெட்டிவிட்டால் பக்கங்கள் ஒழுங்காக அமையும்.

அச்சிடும் லேப் தனக்கென்று நிற ப்ரொஃபைல் எதுவும் தராவிட்டால், பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபியில் ஜேபெக் கொடுங்கள். அதைவிட அகன்ற நிற வரம்பான அடோபி ஆர்ஜிபியில் கொடுத்து, லேப் அதைக் கவனிக்காமல் அச்சிட்டால், இவ்வளவு நேரம் பொருத்திய சிவப்பு எல்லாம் மங்கிவிடும்.

வேலை முடிந்ததும் ரா கோப்பையும் எக்ஸ்எம்பி துணைக்கோப்பையும் சேர்த்தே இரண்டு வன்தட்டுகளில் எடுத்துவையுங்கள். விளக்கு ஸ்டைல்களையும் ஏற்றுமதி செய்து அதே கோப்புறையில் போடுங்கள். அதே மண்டபத்தில், அதே மேடை விளக்கில் அடுத்த வேலை வந்தால், புதிதாக எடுத்த சாம்பல் அட்டைப் படத்தில் பழைய ஸ்டைலை ஒட்டிப் பாருங்கள். அட்டை சாம்பலாகவே நின்றால் படி 6ஐத் தாண்டி நேரே தோற்றத்துக்குப் போய்விடலாம். சாயம் தெரிந்தால் மண்டபத்தில் விளக்கை மாற்றியிருக்கிறார்கள், புதிதாக அளந்துகொள்ளுங்கள்.